அஃபோலே முடிந்துவைத்த வெள்ளைக் களிமண்

அக்ரா சந்தையில் என் மீன் கடைக்குப் பக்கத்தில் அஃபோலே வெள்ளைக் களிமண் விற்றாள். கோர்ட்டில் ஜெயித்தவனுக்கும் சிறையிலிருந்து மீண்டவனுக்கும் எங்கள் ஊரில் அதைத்தான் கையில் பூசுவோம். வெள்ளைக்காரன் அடைத்துவைத்த தலைவர் விடுதலையானபோது, கூட்டத்தை இடித்துத் தள்ளிப் போய் அவர் கையில் பூசியவள் அவள். மீந்த கட்டியைத் துணியில் பத்திரமாக முடிந்துகொண்டாள்.

நாடு சுதந்திரம் பெற்றது, தலைவர் ஆண்டார். அஃபோலேயின் தம்பி அடோட்டே ஒருநாள் கள்ளுக்கடையில், "தலைவரு சிலை வெயில்ல காயுது, ஒரு தொப்பி வாங்கி மாட்டுங்கடா" என்றான். விசாரணைகூட இல்லாமல் உள்ளே போட்டார்கள்.

"தலைவருக்கு விஷயம் தெரியாது. தெரிஞ்சா விட்டுருவாரு" என்று வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"அவரு போட்ட சட்டத்துலதான்டி உன் தம்பி உள்ள கெடக்கான்!"

அதோடு என்னிடம் பேசமாட்டாள்.

பிறகு ராணுவம் தலைவரைக் கவிழ்த்தது. அவருக்காக ஆடிய அதே பெண்கள் அவர் போனதற்கும் மண்ணைப் பூசிக்கொண்டு ஆடினார்கள். அஃபோலே யார் முகத்தையும் பார்க்காமல் விற்றாள். கூடை காலியானது. சிறைக் கதவைத் திறந்துவிட்டிருந்தார்கள். எலும்பும் தோலுமாக அடோட்டே வந்து கையை நீட்டினான்.

"எனக்குப் பூச மாட்டியாக்கா?"

அவள் இடுப்பு முடிச்சை அவிழ்த்து, அந்தப் பழைய கட்டியை உடைத்தாள்.

"அது அவருக்குப் பூசுனதாச்சே!" அவன் கையை இழுத்துக்கொண்டான்.

"நீட்டுடா. அன்னைக்கு அவரும் ஜெயில்லருந்துதான் வந்தாரு."