சாய்த்து வைத்த விளக்கு

கரியமில வாயு எப்படி வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது என்று மேடையில் செய்து காட்டச் சொல்லி, ஒரு சமூகச் சங்கத்தின் தலைவர் என்னை அழைத்தார். நான் பாலிடெக்னிக்கில் இயற்பியல் சொல்லிக் கொடுப்பவள். அவர் வீடு வாங்கி விற்றுக் கொடுக்கும் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவர். அறிவியலையும் அவர் ஒரு வீட்டைப் போலத்தான் பார்த்தார். வெளிப்பூச்சு நன்றாக இருந்தால் போதும்.

"ரெண்டு பாட்டில், ரெண்டு தெர்மோமீட்டர், ஒரு லேம்ப். ஒண்ணுல மட்டும் கேஸ். அது சூடாகும். அவ்ளோதான் லா, டீச்சர்" என்றார்.

"அது சரியான சோதனை இல்லீங்க. கனமான எந்த வாயுவ அடைச்சாலும் சூடு வெளிய போறது குறையும், அதே மாதிரிதான் காட்டும். நான் வேற ஒண்ணு கொண்டு வர்றேன்."

"அதெல்லாம் யாருக்குப் புரியும்? சரி, கடைசியில வெச்சுக்குங்க."

விழா ஜாலான் புசார் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. பூமி சூடாவதைப் பற்றிப் பேச வந்தவர்கள் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்படி ஒரு ஏர்கான். மேடை முழுக்கப் பச்சை பலூன். தலைவர் பச்சைப் பூ அச்சிட்ட பாத்தேக் சட்டை. ஆளுக்கொரு பிளாஸ்டிக் உறையில் "பிளாஸ்டிக்கைத் தவிர்ப்போம்" என்று அச்சடித்த விசிறி. அந்தக் குளிரில் விசிறி எதற்கு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

தலைவரே விளக்கைப் போட்டார், தலைவரே விளக்கமும் சொன்னார். மேலே இருந்து வந்த குளிர்காற்று நேராகப் பாட்டில்கள் மேல் இறங்கியது. இரண்டு தெர்மோமீட்டரும் ஒரே எண்ணில் நின்றன. ஏர்கானை அணைக்கச் சொன்னேன்.

"கெஸ்டுக்கு வேர்க்கும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

பிறகு மைக்கைச் சரி செய்வது போல் குனிந்து, விளக்கை வாயு இருந்த பாட்டில் பக்கம் சாய்த்து வைத்தார். எண் ஏறியது. சிறப்பு விருந்தினர் கைதட்டினார். அவர் தட்டியதால் மண்டபமே தட்டியது.

மூன்றாவது வரிசையில் இருந்து ஒரு பெண் எழுந்தார். என் வயதுதான் இருக்கும்.

"அந்த லேம்ப் இப்பதானே அந்தப் பக்கம் சாஞ்சுச்சு? நான் பாத்துக்கிட்டே இருந்தேனே."

"கேள்வியெல்லாம் சாப்பிட்டப்புறம்மா" என்றார் தலைவர்.

"அப்ப இந்த குளோபல் வார்மிங் எல்லாமே இப்படித்தானா?"

மண்டபம் சிரித்தது. தலைவரும் சேர்ந்து சிரித்தார். தான் இடித்துப் போட்டது என்னவென்று அந்த மனிதருக்குத் தெரியவே இல்லை. உண்மையான ஒன்றைப் பொய்யால் நிரூபிக்கப் போய், உண்மையையே பொய்யாக்கிவிட்டு, பிரியாணி தயார் என்று அறிவித்தார். கூட்டம் கலைந்தது. சிறப்பு விருந்தினர் பூங்கொத்தோடு காருக்குப் போனார்.

நான் என் பொருள்களை மேசையில் எடுத்து வைத்தேன். ஒரு மெழுகுவர்த்தி. இரண்டு முனையிலும் சமையலறையில் உணவை மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டிய ஒரு நீளக் குழாய். சூட்டின் கதிரைப் பார்த்து வாயு கசிவைக் கண்டுபிடிக்கும் ஒரு கேமரா, அதைக் கல்லூரி ஆய்வகத்தில் கெஞ்சி வாங்கி வந்திருந்தேன். கேள்வி கேட்ட பெண்ணும் இன்னும் நாலைந்து பேரும்தான் நின்றார்கள்.

குழாயின் ஒரு முனையில் மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்தேன். மறுமுனையில் இருந்து பார்த்த கேமராவின் திரையில் சுடர் வெள்ளையாக எரிந்தது. சிலிண்டரில் இருந்து குழாய்க்குள் கரியமில வாயுவைத் திறந்துவிட்டேன். திரையில் சுடர் மங்கியது, தேய்ந்தது, காணாமல் போனது.

"அணைஞ்சிருச்சா?" என்றார் அந்தப் பெண்.

"குழாய் முனையில கண்ண வெச்சுப் பாருங்க."

குனிந்து பார்த்தார். "எரியுதே!"

"இந்த வாயு வெளிச்சத்த விட்டுடும். சூட்டோட வர்ற, கண்ணுக்குத் தெரியாத கதிரப் பிடிச்சுக்கும். வெயில் உள்ள வந்துடுது, தரையில இருந்து கெளம்புற சூடு சுலபமா வெளிய போக முடியல. அது செய்ற வேலை அவ்ளோதான்."

அவர் திரையையும் சுடரையும் மாறி மாறிப் பார்த்தார். இன்னொரு தடவை செய்யச் சொன்னார். செய்தேன். தலைவரைக் கையசைத்துக் கூப்பிட்டேன். வாயில் கோழிக்காலோடு, "போட்டோ எடுத்தாச்சு டீச்சர், சூப்பர்" என்றார்.

அந்தப் பெண்ணும் என்னைப் போலத் தெம்பனிஸுக்கே போக வேண்டியவர். எம்ஆர்டி ரயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நான் கேட்டதுக்குச் சிரிச்சாங்கல்ல," என்றார், "அவங்க யாருமே இதப் பாக்கலயே. வீட்டுக்குப் போயி எல்லாம் டுபாக்கூர்னுதானே சொல்வாங்க?"

"சொல்வாங்க."

கைப்பேசியை எடுத்து, அன்று விழாவுக்கு வந்திருந்த தன் அக்காவை அழைத்தார். "அக்கா, நீ சாப்பிடப் போயிட்டே. நான் சொல்றத கொஞ்சம் கேளு" என்று தொடங்கினார். சுடர் மறைந்ததைத் தப்பில்லாமல் சொன்னார். மறுமுனையில் இருந்தவர் நம்பவில்லை போலிருக்கிறது. அவர் மறுபடியும் முதலில் இருந்து சொல்லிக்கொண்டிருந்தார்.