போர்வை மூலையில் ஒரு சுழி

அந்த மெஷினை முதன்முதல் பார்த்தபோது எனக்கு ஒரே ஒரு எண்ணம்தான் வந்தது: இதில் நின்றுகொண்டு தைக்கலாம். இருபத்திரண்டு வருடம் கால் மெஷின் மிதித்து என் முழங்கால் இரண்டும் தேய்ந்துபோயிருந்தன. நிற்பேன், நடப்பேன், மடக்கி மடக்கி மிதிக்கத்தான் ஏலாது. டாக்டரும் மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போவார். தையலை விட்டால் எனக்கு வேறு என்ன தெரியும்?

எங்கள் தையல் கடை துறைமுகத்துப் பக்கம். நடத்துகிறவர் கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம் பெண். அக்காவை அவர்கள் ராத்தா என்பார்கள்; நாங்களும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டோம். பஞ்சு வைத்த போர்வைகள் தைக்கத்தான் அந்தப் பெரிய மெஷினை வாங்கியிருந்தார். இரண்டு கட்டிலைச் சேர்த்துப் போட்ட நீளத்தில் ஒரு சட்டம். மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி மூன்றையும் அதில் இழுத்துக் கட்ட வேண்டும். பிறகு மெஷினின் கைப்பிடி இரண்டையும் பிடித்து, அதைத் துணிக்கு மேலே நடத்த வேண்டும். துணி அசையாது, ஊசிதான் அலையும்.

"ரெண்டு கிழமை, பதினாலு நாள் பழகிப் பாருங்க தங்கச்சி. உப்புவெளியில ஒரு கெஸ்ட் ஹவுசுக்குப் போர்வை குடுக்கணும். அது நல்லா வந்தா மெஷின் வேலை உங்களுக்கு. இல்லாட்டி வேற ஆள்தான் பார்க்கணும்" என்றார் ராத்தா. அவரிலும் பிழை சொல்ல முடியாது.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கென்று போனில் ஒரு வீடியோ காட்டினார். அலை, வளையம், ஆறு போல வளைந்து போகும் கோடு, அவ்வளவுதான். இடது ஓரத்தில் தொடங்கினால் வலது ஓரம் போய்ச் சேரும்வரை எங்கும் நிற்கக் கூடாது, கையைத் தூக்கக் கூடாது. வீட்டுக்குப் போகும் குச்சவெளி பஸ்ஸில் இடம் கிடைத்த நாட்களில் கொப்பியை மடியில் வைத்துப் பென்சிலால் கீறிக்கீறிப் பழகினேன். தாளில் எல்லாம் வந்தது. மெஷினில் நின்றால், அலையின் உச்சியில் அடுத்து எங்கே போவது என்று ஒரு கணம் யோசிப்பேன். ஊசி யோசிக்காதே! நின்ற இடத்திலேயே குத்திக் குத்தி அடியில் நூலைக் கட்டியாக்கிவிடும். என் அலைகள் எல்லாம் கூரை முகடு மாதிரிக் கூராக வந்தன.

"என்னக்கா, கடல் பக்கத்தில இருந்துகொண்டு அலை வருகுதில்லையோ?" என்று பக்கத்து மெஷின்காரி சிரித்தாள்.

"அப்ப நீயே வந்து கீறன்" என்று எரிந்து விழுந்தேன். மூச்சைப் பிடித்துப் பிடித்துத் தைத்ததில் தோள் இறுகி, வீட்டில் தேங்காய் துருவவும் கை எழும்பவில்லை. சீ, என்ன சீவியம் இது என்று வெறுத்துப்போயிற்று.

இரண்டு கிழமை முடிந்தது. கெஸ்ட் ஹவுஸ் போர்வை சட்டத்தில் ஏறியது. வெள்ளை வெளேரென்ற துணி. கைப்பிடியைப் பிடித்தேன், பிள்ளையாரே என்றேன். இடது மூலையில் கை தானாகவே ஒரு பிள்ளையார் சுழியைப் போட்டுவிட்டது. கொப்பியோ கடிதமோ கடைச் சாமான் எழுதும் துண்டோ, ஐந்து வயதிலிருந்து அதைப் போடாமல் நான் எதையும் தொடங்கியதில்லை. ஆனால் இது ஊரார் போர்வையல்லவா! பிரித்தால் ஊசி குத்திய ஓட்டைகள் வெள்ளையில் பல்லிளிக்கும்.

ராத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். "இது உங்கட பிள்ளையார் சுழிதானே?"

"ஓம் ராத்தா. தெரியாமல் கை போட்டிட்டுது."

திட்டுவார் என்று நின்றேன். அவர் விரலால் தடவிப் பார்த்தார். "இவ்வளவு நாளும் உங்கட கையில வடிவா வந்தது இது ஒண்டுதான்."

உண்மைதான். கட்டியில்லை, கூரில்லை. சுழித்து இறங்கிய கோடு நேரே வலப்பக்கம் போய், அடுத்த சுழிக்குத் தயாராக நின்றது.

"இதையே வரிசையா அடிச்சா எடுபடும். ஆனா இது உங்கட சாமி விசயம். அடிங்க எண்டு நான் சொல்ல மாட்டன்."

எழுத்துள்ள தாளில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றுகிறவள் நான். இது கட்டிலில் கிடக்கப்போகிற போர்வை. "கால்மாடு எந்தப் பக்கம் வரும் ராத்தா?" என்று கேட்டேன்.

"அவங்க எந்தப் பக்கம் தலை வெப்பாங்களோ, ஆருக்குத் தெரியும்?"

கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. முழங்கால் விண்விண் என்று வலித்தது. இதையும் விட்டால் வீட்டில்தான் இருக்க வேண்டும்.

"அடிக்கிறன்" என்றேன்.

இரண்டு நாள், பதினொரு வரிசை. ஒவ்வொரு சுழிக்கும் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக் களைத்தே போனேன். பார்க்கிறவர்களுக்கு அது வெறும் வளையக் கோடுதான். ராத்தா போர்வையை மடித்து வைத்துவிட்டு, "திங்கள் தொடக்கம் மெஷின் உங்களுக்கு" என்றார். சந்தோஷப்படவும் எனக்குத் தெம்பில்லை.

பஸ்ஸுக்குப் போகும் வழியில் பிள்ளையார் கோயில். செருப்பைக் கழற்றிவிட்டு அவருக்கு முன்னால் நின்றேன். பிழை செய்தால் தோப்புக்கரணம்தானே போட வேண்டும்? காதுகளைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினேன். பாதிக்கு மேல் முழங்கால் மடங்க மறுத்துவிட்டது. தூணைப் பிடித்துத்தான் நிமிர்ந்தேன்.

"கண்டனீர்தானே பிள்ளையாரப்பா? இந்த முழங்காலுக்காகத்தான் செய்தனான்" என்றேன்.