அறுநூற்றுப் பதிமூன்றாவது பதில்

மூன்று லட்சத்துப் பதினெட்டாயிரத்து நானூறு யென். ஒப்பந்தக்காரர் நிமுரா எனக்குத் தர வேண்டிய இரண்டு மாதக் கூலி. அந்தப் பணத்துக்காகத்தான் நான் நகுராவில் கிடந்தேன். இல்லையென்றால் அந்த ராத்திரி அந்த இடத்தில் எனக்கு என்ன வேலை? கதை கட்டுகிற ஆள் இல்லை நான். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நேரத்தையெல்லாம் அன்றைக்கே கூலிச் சீட்டின் பின்பக்கம் குறித்து வைத்தேன். சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

போன அக்டோபர். நகுரா மலைக்குள் இருக்கிற ஊர். வீட்டுக்கு வீடு சுவரில் ஒரு பேசும் பெட்டி மாட்டுகிற வேலை. புயல், நிலநடுக்கம், மண்சரிவு என்றால் நகராட்சி அலுவலகத்தில் ஒருவர் மைக்கில் பேசுவார். அதே நொடியில் ஊர் முழுக்க எல்லாப் பெட்டியும் பேசும். யாரும் கேட்டு வாங்க வேண்டியதில்லை, அதுவாக வரும். செய்தி வந்ததும் 'கிடைத்தது' என்று பெட்டி தானே அலுவலகத்துக்குப் பதில் அனுப்பிவிடும். பெட்டியின் அடியில் ஒரு பச்சைப் பொத்தான் உண்டு. ஆபத்து நேரத்தில் உயிரோடு இருப்பவர்கள் ஆளுக்கு ஒரு தடவை அதை அமுக்க வேண்டும்.

மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு பெட்டிகள். சோதனை அறிவிப்புக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு பதில் வந்தால் அலுவலகம் கையெழுத்துப் போடும். கையெழுத்து விழுந்தால் நிமுராவுக்குப் பணம் வரும். நிமுராவுக்கு வந்தால்தான் எனக்கு.

வந்தது அறுநூற்றுப் பதிமூன்று.

திங்கள் காலை பத்து மணிக்கு முதல் சோதனை. எட்டே நொடியில் அறுநூற்றுப் பன்னிரண்டு பதிலும் வந்துவிட்டன. அலுவலகத்தில் இந்த வேலையைப் பார்க்கிற குசுமோத்தோ என்ற பெண் பேனாவைத் திறந்தாள். அப்போது திரையில் இன்னும் ஒன்று விழுந்தது. பத்து மணி, நான்கு நிமிடம், பத்து நொடி.

"ஹிகாசாண்ணே, ஒண்ணு கூடுது."

"கூடினா நல்லதுதானே மேடம்?"

"கூடினாலும் தப்பு, குறைஞ்சாலும் தப்பு. ஃபாரத்துல அறுநூத்திப் பன்னெண்டுன்னு இருக்கு."

மூன்று நாளில் ஒன்பது சோதனை. ஒவ்வொரு தடவையும் அந்த ஒன்று வந்தது. ஒவ்வொரு தடவையும் சரியாக நான்கு நிமிடம் பத்து நொடி கழித்து. அது பெட்டி தானாக அனுப்புகிற பதில் இல்லை. பச்சைப் பொத்தானின் பதில். விரல் அமுக்கிய பதில். வீட்டு எண் இருக்க வேண்டிய கட்டம் காலி. பகுதி எண் மட்டும் இருந்தது... ஒன்பது.

ஒன்பதாம் பகுதியில் நாங்கள் ஒரு பெட்டிகூட மாட்டவில்லை. அங்கே வீடே கிடையாது.

நிமுராவுக்குப் போன் போட்டேன்.

"யோவ், எங்கயாவது ஒரு பெட்டியைக் கூடுதலா மாட்டித் தொலைச்சிருப்ப."

"எண்ணித்தான் மாட்டினேன்."

"எண்ணத் தெரிஞ்சவன் ஏன்யா கூலிக்கு வர்ற? அதைத் தேடிப் பிடி. அதுவரைக்கும் காசு காசுன்னு எனக்குப் போன் போடாத."

உடன் வந்த மூன்று பேரும் புதன்கிழமையே வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களுக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது. அறுபத்தொரு வயதில் எனக்கு யார் தருவார்கள்? நான் மட்டும் தங்கினேன்.

வியாழன் மதியம் ஒன்பதாம் பகுதிக்கு ஏறிப் போனேன். மலைச்சரிவை மூடிய பெரிய கான்கிரீட் சுவர், பக்கத்தில் ஒரு நினைவுக் கல், அவ்வளவுதான் அங்கே. நான் எழுத்துப் படித்ததே நாற்பத்தாறு வயதில், இரவுப் பள்ளியில். அதனால் கல்லில் இருந்ததை விரல் வைத்துத்தான் படித்தேன். மண்சரிவில் போன ஐந்து பேரின் பெயர்கள், ஒரே குடும்பம். சுவர்மேல் உட்கார்ந்து சோற்று உருண்டையைத் தின்றபடி, ஒரு மணிக்குச் சோதனை போடும்படி குசுமோத்தோவிடம் போனில் சொன்னேன்.

1:04. நான் உட்கார்ந்திருந்த கான்கிரீட்டுக்கு அடியில் 'டிக்' என்று ஒரு சத்தம். வெயிலுக்குக் கான்கிரீட் விரிகிறது என்று நினைத்தேன்.

"இப்ப வந்துச்சுண்ணே," என்றாள் போனில்.

எனக்கு வந்தது பயம் இல்லை, எரிச்சல். இரண்டு மணி நேரம் நடந்து இறங்கினேன். ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் அலுவலகத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பெட்டி செய்த கம்பெனிக்காரன், "அப்படி வரவே வராது" என்று போனை வைத்துவிட்டான். கடைசியில் குசுமோத்தோ அலமாரியிலிருந்து பழைய அறிவிப்புப் பதிவேட்டை எடுத்தாள். பெட்டிக்கு முன்னால் கம்பத்தில் ஒலிபெருக்கி இருந்த காலத்துப் பதிவேடு. இருபத்தேழு வருடம் முந்தைய செப்டம்பர் பக்கத்தை அவளே வாசித்தாள்.

"அதிகாலை 2:14. ஒன்பதாம் பகுதி மக்கள் வெளியே வர வேண்டாம். மாடியிலேயே இருங்கள். அடுத்த அறிவிப்பு வரும்வரை காத்திருங்கள்."

அடுத்த வரி: 2:18:10. ஒன்பதாம் பகுதிக் கம்பத்தின் தொடர்பு அறுந்தது.

நான்கு நிமிடம், பத்து நொடி.

அதற்குப் பிறகு அந்தப் பகுதிக்கு எதுவும் அனுப்பப்படவில்லை. யாருக்கு அனுப்புவது?

நான் களைத்திருந்தேன். பசி வேறு. "அப்ப அந்த அடுத்த அறிவிப்பை அனுப்பித் தொலைங்களேன் மேடம்," என்றேன். "நானும் ஊர் போய்ச் சேரணும்."

அவளுக்கும் களைப்புதான். ஒன்பதாம் பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து, அறிவிப்புப் படிவத்தை எடுத்து மைக்கைத் திறந்தாள். எதிரொலி அடங்குவதற்காகச் சொல்லுக்குச் சொல் நிறுத்திப் படிப்பது அவர்கள் வழக்கம். "ஆபத்து... நீங்கியது. நீங்கள்... வெளியே... வரலாம்." மணி 9:40. மீதியை நான் கேட்கவில்லை. டின் காபி வாங்க வெளியே போயிருந்தேன்.

9:44:10. பதில் வரவில்லை.

9:50. ஓசையில்லாமல் முழுச் சோதனை. அறுநூற்றுப் பன்னிரண்டு. ஐந்து நிமிடம் காத்திருந்தோம், பத்து நிமிடம் காத்திருந்தோம். அறுநூற்றுப் பன்னிரண்டேதான்.

கையெழுத்துப் போட்டாள்.

நாங்கள் தங்கியது மூடிப்போன ஆரம்பப் பள்ளியின் விளையாட்டுக் கூடத்தில். கடைசிப் பெட்டி அங்கேதான், என் தலைமாட்டுச் சுவரில். விடிந்தால் பணம் என்ற நினைப்போடு படுத்தேன்.

11:31. போன் மினுங்கியது. குசுமோத்தோ செய்தி அனுப்பியிருந்தாள்.

"ஹிகாசாண்ணே, ஒரு சின்னத் தப்பு. ஃபாரத்தை முழுசாப் படிச்சிட்டேன். கடைசி வரியில, பழைய ஆரம்பப் பள்ளி விளையாட்டுக் கூடத்துக்கு வந்து சேருங்கன்னு இருக்கு. நீங்க அங்கதானே தூங்குறீங்க. பயந்துடாதீங்க."

விரல் வைத்து இரண்டு தடவை படித்தேன்.

மேலிருந்து இறங்கி வர எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது. 9:40-உடன் இரண்டு மணி நேரம்... 11:40. கூடத்தை விட்டு வெளியே போகலாம் என்றால் இருப்பது மலையிலிருந்து இறங்குகிற அந்த ஒரே பாதை.

11:40. எதுவும் இல்லை. என்னையே திட்டிக்கொண்டு போர்வையை இழுத்து மூடினேன்.

11:44. முற்றத்துச் சரளைக் கற்கள் நொறுங்கின.

ஒருவர் இல்லை. பல பேர். மெதுவாக... வரிசையாக.

கதவு திறக்கிற சத்தம் இல்லை. ஆனால் வாசலில் செருப்புக் கழற்றுகிற சத்தம். கழற்றி, திருப்பி, ஒழுங்காக வைக்கிற சத்தம்.

பிறகு மரத் தரையில் ஈரக் கால்கள்.

சளக்... சளக்...

என் தலைமாட்டில் வந்து நின்றன.

மண் வாடை.

'டிக்.'

பொத்தான்.

'டிக்.' 'டிக்.'

எண்ணினேன். எண்ணாமல் இருக்க முடியவில்லை.

'டிக்.' 'டிக்.'

ஐந்து.

முடிந்தது என்று மூச்சு விட்டேன்.

முடியவில்லை. இன்னும் ஒருவர் நின்றார். அமுக்கவில்லை... நின்றுகொண்டே இருந்தார். கால் மாற்றி நின்றார். அவரிடம் மண் வாடையோடு இன்னொரு வாடையும். சிமெண்ட், எண்ணெய், பழைய வியர்வை. என் சட்டையின் வாடை.

ரொம்பத் தணிந்த குரல்.

"பேரு... எழுதணுமாங்க?"

அந்தக் கேள்வி எனக்குத் தெரியும். நாற்பத்தாறு வயது வரைக்கும் ஒவ்வொரு அலுவலகத்திலும் அதே குரலில் நானும் கேட்டிருக்கிறேன். பழக்கத்தில் வாய் திறந்துவிட்டது.

"வேணாம்ணே. அமுக்கினா போதும்."

'டிக்.'

விடியும் வரை நான் போர்வையை விலக்கவில்லை.

காலையில் வாசலில் செருப்பு இல்லை. தரை காய்ந்திருந்தது. எட்டரைக்கு அலுவலகம் போனேன். குசுமோத்தோ பதிவுத் தாளைக் கையில் வைத்திருந்தாள். கூடத்துப் பெட்டி. 11:52. பச்சைப் பொத்தான், ஆறு தடவை.

"விளையாடினீங்களாண்ணே?"

"இல்ல மேடம்."

"கல்லுல அஞ்சு பேருதானே?"

"அஞ்சுதான்."

தாளை மடித்து மேசைக்குள் வைத்தாள்.

பத்து மணிக்கு நிமுரா உறையோடு வந்தார். எல்லாம் சரியாக இருந்தது, மூன்று லட்சத்துப் பதினெட்டாயிரத்து நானூறு. என் முகத்தைப் பார்த்தவர் அன்றைக்கு மட்டும் ஒரு வார்த்தையும் ஏசவில்லை.

பேருந்து வரும்வரை நிறுத்தத்துக் கடையில் நின்றேன். கடைக்காரர் இவாசேவுக்கு ஐம்பது வயதிருக்கும். மேலே சரிந்த வீட்டில் வேறு யாராவது இருந்தார்களா என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டேன்.

"குடும்பம் அஞ்சு பேரு. அஞ்சு பேரும் கிடைச்சதும் தோண்டுறதை நிறுத்திட்டாங்க. மேலயே சுவரும் கட்டிட்டாங்க." கொஞ்சம் யோசித்தார். "அந்த வருசம் ரோடு வேலைக்கு வந்த கூலியாள் ஒருத்தன் அங்கதான் வாடகைக்கு இருந்தான். அன்னிக்கு ராத்திரியோட ஆளைக் காணோம். சந்தடியில ஓடிட்டான்னாங்க. எங்க கடையிலகூடக் கடன். சாகுற வரைக்கும் எங்கப்பா அவனைத் திட்டிட்டிருந்தாரு."

"பேர் என்ன?"

"யாருக்குத் தெரியும்? அவனுக்கு எழுதத் தெரியாது."

உள்ளே போய்ப் பழைய கடன் நோட்டைத் தேடி எடுத்து வந்து பிரித்தார். அரிசி, சிகரெட், சாக்கே சாராயம். கூட்டினால் பதினோராயிரத்து இருநூற்று அறுபது யென். கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் நடுங்கிய கையால் போட்ட ஒரு வட்டம்.

நேற்று மதியம் நான் எதன்மேல் உட்கார்ந்து சோறு தின்றேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

ராத்திரி நடந்ததைச் சொன்னேன். முழுவதும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அந்தக் கடனை அடைக்க உறையிலிருந்து பணத்தை எடுக்கப் போனேன். என் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"ஓடலையா அவன்?" என்று கேட்டார்.

"ஓடலைங்க. சொன்ன இடத்துலயே இருந்திருக்காரு."

இவாசே பேனாவை எடுத்து, அந்தத் தொகையின்மேல் ஒரு கோடு போட்டார்.