பச்சை அட்டைப் பூச்சட்டி

யோகலட்சுமிக்குக் காலையிலிருந்து கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒன்பது தடவை எடுத்தும் ஒரு ஷாட் சரியாக வரவில்லை.

பதினொரு வருஷம் சாத்தூர்ப் பக்கத்தில் ஒரு பட்டாசு ஆலையில் பூச்சட்டிக்கு, அதாவது புஸ்வாணத்துக்கு, மருந்து அடைத்தவள் அவள். பக்கத்து அறை வெடித்து மூன்று பேர் போன மறுநாள், ஆலை வேனில் ஏற மாட்டேன் என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். இப்போது சிவகாசியில், பட்டாசு விளம்பரம் எடுக்கும் ஸ்டூடியோவில் வேலை. சுவரும் பச்சை, தரையும் பச்சை. வெடி, நெருப்பு, புகை எல்லாம் பிறகு கம்ப்யூட்டரில் வந்து சேரும். இல்லாத நெருப்பை இருக்கிறதாக நம்பி நடிக்க வேண்டுமே, அதற்குத்தான் இவள். பச்சை அட்டையில் பூச்சட்டி செய்து, அசல் கனம் வரும்வரை மணல் நிரப்பிக் கொடுப்பாள். நடிப்பவர்கள் அண்ணாந்து பார்க்க, பொறி எழும் உயரத்துக்குக் கம்பில் பந்து கட்டிப் பிடிப்பாள். "இப்ப பத்திருச்சு, இப்ப எந்திரிக்குது" என்று குரல் கொடுப்பாள். இந்த வேலையில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

அன்று நடித்தவள் நாஜியா, விருதுநகர்ப் பருப்பு வியாபாரி மகள், கல்லூரி மாணவி. பட்டாசுக் கம்பெனி முதலாளி கோட்டைச்சாமி திரையைப் பார்த்துக் கொதித்தார்.

"இந்தப் பிள்ள பட்டாசு கொளுத்துதா, பாம்பு பிடிக்குதா? இம்புட்டுப் பயந்தா என் சரக்க எவன் வாங்குவான்?"

டைரக்டர் ராஜபாண்டியன் யோகலட்சுமியைத் தனியே அழைத்தான். "யோகக்கா, சாயங்காலத்துக்குள்ள சரியா வரலைன்னா மெட்ராஸ்ல இருந்து ஆளக் கூப்பிடச் சொல்லிட்டாரு. அப்புறம் உங்கள வச்சுக்க முடியாது."

 பத்தாவது தடவை எடுக்கும்போது யோகலட்சுமி நாஜியாவின் கைகளையே பார்த்தாள். இரண்டு கையால் தூக்குகிறாள், சத்தமில்லாமல் வைக்கிறாள், தரையில் உரசாமல் விரலை எடுக்கிறாள். அத்தனையும் ஆலைப் பழக்கம். உரசினால் உயிர் போகும் இடத்தில் கற்றதை, ஒரு தீபாவளிச் சந்தோஷத்துக்கு இவளே நாஜியாவுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டாள். தன் மேலேயே எரிச்சல் வந்தது.

"பாப்பா, நான் சொன்னதெல்லாம் மறந்துரு. உங்க தெருவுல எப்படிக் கொளுத்துவீக?"

"இப்படித்தான்க்கா." ஒரு கையால் பூச்சட்டியை அள்ளித் தரையில் டொக்கென்று வைத்தாள்.

"ஏய், மெதுவா!" யோகலட்சுமி போட்ட கத்தலில் அந்த ஷாட்டும் போயிற்று. எல்லோரும் சிரித்தார்கள்.

"மணலுதானக்கா உள்ள இருக்கு" என்றாள் நாஜியா.

அடுத்த தடவை யோகலட்சுமி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுதான் குரல் கொடுத்தாள். முடிந்ததும் கோட்டைச்சாமி கைதட்டினார். வேலை தப்பித்தது என்று மூச்சு விட்டபடி அவளும் திரைக்கு வந்தாள்.

தற்காலிகமாகப் பொறியைச் சேர்த்துக் காட்டினார்கள். பூச்சட்டி ஆளுயரம் எழுந்தது. இரண்டடி தள்ளிக் குத்தவைத்து, முகத்தை நீட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள் நாஜியா. அழகாகத்தான் இருந்தது. யோகலட்சுமியால் அதைப் பார்க்க முடியவில்லை.

"தம்பி, பிள்ளையப் பத்தடி தள்ளி நிக்க வச்சு இன்னொருக்கா எடுங்க."

"அங்கன நெருப்பே இல்லக்கா" என்றான் ராஜபாண்டியன்.

"நமக்குத் தெரியும். டிவில பாக்குற பிள்ளைகளுக்குத் தெரியுமா?"

"நல்லா வந்தத எதுக்கு நோண்டுற?" என்றார் கோட்டைச்சாமி. "உனக்கு வேலை வேணுமா, வேணாமா?"

"வேணும் மொதலாளி."

சொல்லிக்கொண்டே பச்சை டேப்பைக் கிழித்தாள். பூச்சட்டியிலிருந்து அடி வைத்து அளந்து, பத்தாவது அடியில் குனிந்து ஒட்டினாள். கோடு கோணலாக விழுந்தது.  நாஜியா எழுந்து வந்து, அந்தக் கோட்டுக்குப் பின்னால் நின்றாள்.