சாமி மாடத்துச் சாவி

கார் விற்கிற வேலையில் பதினோரு வருடமாக இருக்கிறேன். மதுரைப் புறவழிச்சாலையில் ஒரு ஷோரூம். சின்ன வயதில் வகுப்பில் ஓயாமல் பேசி அடிவாங்கி வரும்போதெல்லாம், "வாயுள்ள பிள்ளை பொழச்சுக்கிரும்" என்று அம்மா தேற்றுவாள். பிழைத்துக்கொண்டேன். என்ஜினைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. ஆனால் வந்தவர் காபியைக் குடித்து முடிப்பதற்குள் அவர் மாமனார் ஊர், பிள்ளை படிக்கும் வகுப்பு, பக்கத்து வீட்டுக்காரன் வைத்திருக்கும் வண்டி வரை எல்லாம் தெரிந்துகொண்டுவிடுவேன். ஆண்கள் எல்லோரும் எனக்கு அண்ணன், அவர்கள் மனைவிமார் மதினி, நான் அவர்களுக்குத் தங்கச்சி. சார், மேடம் என்று கூப்பிட்டால் மதுரையில் டீத்தூள்கூட விற்க முடியாது.

சாவியைத் துளையில் விட்டுத் திருகும் வண்டிகள் போய், சாவி பையிலேயே கிடக்கக் கதவு திறக்கும் வண்டிகள் வந்தபோது எனக்குக் கொண்டாட்டம். பேசுவதற்குப் புதிதாக ஒன்று கிடைத்ததே. சாவியை வாடிக்கையாளரின் சட்டைப்பையில் போட்டுவிட்டுக் கைப்பிடியைத் தொடச் சொல்வேன். கதவு திறக்கும். பொத்தானை அழுத்தச் சொல்வேன். வண்டி கிளம்பும். பிறகு சாவியை வாங்கிக்கொண்டு இருபது அடி தள்ளிப் போய் நின்று, "இப்பத் தொறங்க பாப்போம்" என்பேன். திறக்காது. அந்த நேரத்தில் சொல்வதற்கென்றே ஒரு வசனம் வைத்திருந்தேன்.

"சாவி உங்ககிட்ட இருக்குற வரைக்கும் அந்த அய்யனாரே எறங்கி வந்தாலும் வண்டியத் தொறக்க முடியாதுண்ணே."

அந்த வசனத்துக்கு விழாத ஆளைப் பார்ப்பது அபூர்வம்.

அப்படி விழுந்தவர்களில் ஒருவர்தான் ஆனையூர்க்காரர். இனி அவரை அண்ணன் என்றே சொல்கிறேன். பூர்வீகம் கீழக்குயில்குடிப் பக்கம், விவசாயக் குடும்பம். இப்போது ஆனையூரில் வீடு கட்டிக்கொண்டு, கட்டடச் சாமான் வியாபாரம். வாழ்க்கையில் முதல் கார். ஆவணங்கள் வாங்க அவர் வீட்டுக்கு நான் இரண்டு முறை போயிருக்கிறேன். தெருவைப் பார்த்த மாதிரி கார் நிறுத்தும் இடம். அதை ஒட்டிய சுவருக்கு உட்புறம் சாமி அறை. அந்தச் சுவரில்தான் விளக்கு வைக்கும் மாடம்.

வண்டி எடுக்கும் நாளில் மனைவி, மூன்று வயது நிரம்பாத மகள், மேலூரில் உரக்கடை வைத்திருக்கும் மச்சினன் என்று நான்கு பேராக வந்தார்கள். அந்தப் பிள்ளை தாய்மாமன் தோளை விட்டு இறங்கவே இல்லை. டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தபோதும் இறங்கவில்லை, தேங்காய் உடைத்தபோதும் இறங்கவில்லை. புகைப்படத்துக்காக நாங்கள் ஒரு பெரிய அட்டைச் சாவி வைத்திருப்போம். அதைத் தகப்பன் கையில் கொடுத்தால் பிள்ளை பிடுங்கி மாமன் கையில் கொடுத்தது. எல்லோரும் சிரித்தோம்.

"சாவிய வாங்கிக் குடுக்குறது நானு, வச்சுக்கிறது மாமனா?" என்று அண்ணன் மகளின் கன்னத்தைக் கிள்ளினார். நிஜச் சாவிகள் இரண்டில் ஒன்றை எடுத்து மச்சினன் சட்டைப்பையில் போட்டார். "இது ஒன்ட்ட இருக்கட்டும் மாப்ள. நான் இல்லாதப்ப ஒங்கக்காள ஆசுபத்திரி அது இதுன்னு கூட்டிட்டுப் போகணும்ல."

நான்தான் முதலில் கைதட்டினேன். கைதட்டியதோடு விட்டிருக்கலாம். இன்னொரு சாவிக்கு மஞ்சள் கயிறு கட்டி அண்ணன் கையில் கொடுத்து, வழக்கமாக எல்லோருக்கும் சொல்வதையே அவருக்கும் சொன்னேன்.

"சாமி ரூம்ல அந்த மாடம் இருக்குல்லண்ணே, அதுல வைங்க. ஒரு மண்டலத்துக்கு, வண்டி வீட்டுல நிக்கிறப்பல்லாம் சாவி அங்கனதான் இருக்கணும். வண்டிக்கு ஒரு கொறையும் வராது."

எந்தச் சாஸ்திரத்திலும் இது கிடையாது. நானே கட்டிவிட்டதுதான். கேட்பவர்களுக்கு மனசு குளிரும், அடுத்த வாரம் நாலு பேரிடம் நம் ஷோரூமைப் பற்றிச் சொல்வார்கள்.

இதில் மறைக்கக் கூடாத ஒன்று இருக்கிறது. அதற்கு இரண்டு மாதம் முன்பு எங்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. இந்த வகை வண்டியும் சாவியும் பக்கத்தில் இருக்கும்போது தங்களுக்குள் பேசிக்கொள்ளும், அதனால்தான் கதவு திறக்கிறது என்று பயிற்சியாளர் விளக்கினார். சாவியை வெளிச்சுவர் ஓரமாக வைத்தால், களவாணிகள் சுவருக்கு வெளியே ஒரு கருவியோடு நின்று அந்தப் பேச்சைப் பிடித்து வண்டிவரை கடத்திவிடுவார்கள். சாவி பக்கத்தில்தான் இருக்கிறது என்று வண்டி ஏமாந்து திறந்துவிடும். ஆகவே சாவியை வீட்டின் உள்ளே தள்ளி, மூடி போட்ட தகர டப்பாவில் வைக்கச் சொல்லுங்கள் என்றார். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். எங்கள் மேலாளர் வகுப்பு முடிந்ததும், "கஸ்டமர் கேட்டா மட்டும் சொல்லுங்க. பயமுறுத்தி வண்டி விக்க முடியாது" என்றார். எந்தக் கஸ்டமரும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்? அய்யனாரையே சாட்சிக்கு இழுத்து நான்தான் வாயை அடைத்துவிட்டேனே.

அந்த மண்டலம் முடிவதற்குள், அக்கினி நட்சத்திர வெயிலில், ஒரு மதியம் வண்டி களவு போய்விட்டது. வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கிறார்கள். தெருவில் ஆளில்லை. நாலு மணிக்கு எழுந்து வந்து பார்த்தால் வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்ச் சொட்டுகூட இல்லை. எதிர்வீட்டு அம்மா மட்டும், கூரியர் பையோடு ஒருவன் சாமி அறைச் சுவரை ஒட்டி நின்றான், இன்னொருவன் வண்டி அருகே நின்றான், விலாசம் தேடுகிறார்கள் என்று நினைத்தேன் என்று சொல்லியிருக்கிறார். அண்ணன் போனில் இதைச் சொன்னபோதே அந்தச் சுவர், அந்த மாடம், எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன.

"கூரியர்க்காரன் எப்படி எடுப்பான் தங்கச்சி? சாவி மாடத்துல அப்படியே இருக்கே" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இன்னொரு சாவி எங்க இருக்குன்னுதான் போலீஸ்ல கேக்குறாக" என்றார்.

மச்சினனை இரண்டு முறை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். அன்று மதியம் எங்கே இருந்தாய் என்றதற்கு, கடையைச் சாத்திவிட்டு உள்ளேயே தூங்கினேன் என்றிருக்கிறார். உண்மை அதுதான். ஆனால் தூங்கியதற்கு யார் சாட்சி வருவார்கள்?

ஒரு வாரம் கழித்து அண்ணன் அவரையும் கூட்டிக்கொண்டு ஷோரூமுக்கே வந்துவிட்டார். என் மேசைக்கு முன்னால் இரண்டு பேரும் உட்காராமல் நின்றார்கள்.

"தங்கச்சி, நீயே சொல்லு. சாவி இல்லாம இந்த வண்டிய எவனாச்சும் எடுக்க முடியுமா?"

"அக்கா, என் சாவி கல்லாப்பெட்டிக்குள்ளதான் கெடந்துச்சு. வெளிய எடுக்கவே இல்ல" என்றார் மச்சினன். "வேற வழியே இல்லையாக்கா?"

இருந்தது. என் நோட்டில், மூன்றாம் பக்கத்தில் இருந்தது. இரும்புக் கல்லாப்பெட்டிக்குள் கிடந்த சாவி யாரிடமும் பேசியிருக்காது, நான் மாடத்தில் வைக்கச் சொன்ன சாவிதான் சுவர்வழியாகப் பேசியிருக்கும் என்பதும் தெரிந்தது. வாயைத் திறந்தேன். கண்ணாடி அறைக்குள் மேலாளர் தலை நிமிர்ந்தது.

"கம்பெனி அப்படித்தாண்ணே சொல்லுது. சாவி பக்கத்துல இருந்தாத்தான் தொறக்கும்."

சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேலை போய்விடும் என்று பயந்தேன் என்றும் சொல்லிக்கொண்டேன். போயிருக்காது. கொஞ்சம் திட்டு விழுந்திருக்கும், அவ்வளவுதான்.

"கேட்டியா மாப்ள?" என்றார் அண்ணன். மச்சினன் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து சாவியை எடுத்து என் மேசைமேல் வைத்துவிட்டுத் தனியாக வெளியே நடந்தார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது நானில்லை. எனக்கு அந்த மாதம் ஊக்கத்தொகைகூட வந்தது.

ஆவணியில் பிள்ளைக்குக் காதுகுத்து. கீழக்குயில்குடி மலையடியில், அவர்கள் குலசாமி கோயிலில். 'தங்கச்சி'க்கும் பத்திரிகை வைத்திருந்தார்கள். எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் பிள்ளைக்கு மொட்டையடித்துக் காது குத்துவார்கள். தாய்மாமன் சீர் வரும், பேனரில் தாய்மாமன் படம் பெரிதாக இருக்கும். அன்று பேனரில் சாமி படமும் பிள்ளை படமும் மட்டும்தான் இருந்தன. மதினி ஒரு ஓரமாக மூக்கை உறிஞ்சிக்கொண்டே தாம்பாளத்தில் பழம் அடுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போனேன்.

"சீரெல்லாம் வாங்கி வச்சுட்டு, வரலாமான்னு ஆள் விட்டுக் கேட்டான் எந் தம்பி. களவாணிப்பய மடியில எம் மகள உக்கார வைக்க மாட்டேன்னுட்டாருக்கா."

மதினியின் சித்தப்பா மகன் ஒருவரைச் சம்மணம் போட்டு உட்காரவைத்துப் பிள்ளையை மடியில் வைத்தார்கள். மொட்டை போடும்போது சும்மா இருந்த பிள்ளை, ஆசாரி ஊசியை எடுத்ததும் மடியிலிருந்து திமிறியது. சுற்றி நின்ற முகங்களில் ஒவ்வொன்றாகத் தேடியது. "மாமா எங்க? மாமாட்டப் போறேன்" என்று கத்தியது. நான் நாலடி தூரத்தில் நின்றேன். அண்ணனைத் தொட்டு, கொஞ்சம் நிறுத்துங்க, மேலூர் அப்படியொன்றும் தூரமில்லை, ஆளைக் கூப்பிடுங்க என்று சொல்ல அந்த நேரத்திலும் முடிந்திருக்கும். இத்தனை பேர் நடுவிலா என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு காதும் குத்தி முடித்துவிட்டார்கள். விருந்துக்கு உட்கார்ந்தேன். சோற்றைப் பிசைந்துவைத்துவிட்டு எழுந்தேன்.

ஷோரூம் சுவரில் வண்டி எடுத்தவர்களின் படங்களை மாட்டிவைத்திருப்போம். அந்த அட்டைச் சாவியும் மாமன் தோளில் பிள்ளையும் என் மேசைக்கு நேர் எதிரே. மூன்று நாள் பார்த்தேன். நான்காம் நாள் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு ஆனையூருக்குப் போனேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். மாடத்தைக் காட்டினேன், சுவருக்கு வெளியே கூரியர் பையோடு அவன் நின்ற இடத்தைக் காட்டினேன், நோட்டின் மூன்றாம் பக்கத்தைக் காட்டினேன். கத்துவார், அடிக்கக்கூட வருவார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். அண்ணன் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அன்னைக்குக் கேட்டேனே தங்கச்சி. ஒன்னையத்தான கேட்டேன்" என்றார்.

மதினிதான் எழுந்தார். "எங்கட்ட எதுக்குச் சொல்றீக? எந் தம்பிட்டப் போயிச் சொல்லுங்க. போங்க."

மாட்டுத்தாவணிக்குப் போய் மேலூர் பஸ் ஏறினேன். உரக்கடையில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர், என்னைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டார். தண்ணீர் கொடுத்தார். அவரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்க்கா" என்றார். "பதில் சொல்றதுக்கு முந்தி அந்தக் கண்ணாடி ரூமத் திரும்பிப் பாத்தீக."

"அப்ப அங்கனயே கேட்டிருக்கலாம்ல தம்பி? ரெண்டு வார்த்த திட்டியிருக்கலாம்ல?"

"மச்சானே என்னைய நம்பல. ஒங்களத் திட்டி என்னக்கா ஆகப்போகுது?"

இப்போது மூடியுள்ள தகர டப்பாவைப் பற்றி எல்லா வாடிக்கையாளரிடமும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டப்பாவில் சாவியைப் போட்டு மூடி, வண்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கைப்பிடியைத் தொட்டுப் பாருங்கள், திறந்தால் டப்பா சரியில்லை என்கிறேன். மேலாளர் முறைக்கிறார், முறைக்கட்டும். அண்ணனும் மச்சினனும் திரும்பப் பேசிக்கொள்கிறார்கள், தீபாவளிக்குப் போக்குவரத்து உண்டு என்று கேள்விப்பட்டேன். வண்டி கிடைக்கவில்லை. ஆனால் ஒரு பிள்ளைக்குக் காது ஒருமுறைதான் குத்துவார்கள்.

அன்று உரக்கடையில் மச்சினன் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பேனாவை மூடிவைத்துவிட்டு, "நீங்க காதுகுத்துக்குப் போயிருந்தீகளாம்ல. பிள்ள அழுதுச்சாக்கா?" என்றார்.

இல்லை தம்பி, சமத்தாக இருந்தது என்று சொல்லியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அதற்கும் எனக்கு வாய் உண்டு. ஆனால் இவரிடம் இன்னொரு தடவை பூசி மெழுக மனசு வரவில்லை.

"அழுதுச்சு தம்பி. மாமா எங்கன்னு கேட்டு அழுதுச்சு."

தலையை ஆட்டினார். அந்நேரம் யாரோ யூரியா கேட்டு வந்தார்கள். எடுத்துக் கொடுக்க எழுந்து போனவர், வந்த ஆள் போன பிறகும் மூட்டைகளுக்குப் பின்னாலேயே நின்றார். நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் ஸ்டூலை ஓரமாக நகர்த்திவைத்துவிட்டு இறங்கினேன். வாரேன் தம்பி என்று சொல்லக்கூட அந்த வாயுள்ள பிள்ளைக்கு வாய் வரவில்லை.