ஆகஸ்டில் ஒரு குளிர்கோட்டு

"கண்ண மூடுங்க. ஆங்க் பந்த்."

வேட்டைத் துப்பாக்கி கேட்டு யார் வந்தாலும் கார்மேகத்தின் முதல் பேச்சு, தமிழிலும் இந்தியிலுமாக, இதுதான். ஒரு வெறும் கட்டையைக் கையில் கொடுத்து, கண்ணை மூடியபடியே தோளில் ஏற்றச் சொல்வார். கன்னம் எங்கே படிகிறது, விரல் எதுவரை எட்டுகிறது என்று பார்த்துப் பார்த்துப் பென்சிலால் அந்தக் கட்டையிலேயே கோடு போட்டுக்கொள்வார். காகிதத்தில் எழுதினால் தொலைந்துபோகுமாம்.

ஷார்ஜா தொழில்பேட்டையில் லைசென்சோடு நடக்கிற பட்டறை அது. பட்டாளம் கழித்துவிட்ட பழைய துப்பாக்கிகள் வந்து இறங்கும். இரும்பு வேலைக்கு வேறு ஆட்கள் உண்டு. தோளில் பொருத்திப் பிடிக்கிற முரட்டுப் பட்டாளத்து மரக்கட்டையைக் கழற்றி வீசிவிட்டு, அக்ரூட் மரத்தில் புதுக்கட்டை செய்து போடுவது பரமக்குடித் தச்சர் கார்மேகம். புதுசு வாங்க வசதியில்லாதவர்களும் இப்படித் தங்கள் உடம்புக்கே அளவெடுத்த துப்பாக்கி ஒன்றைக் குறைந்த செலவில் செய்துகொள்ளலாம்.

இரும்பில் விளக்குக்கரி பூசி மரத்தில் வைத்து அழுத்துவார். கரி ஒட்டிய இடம் இடிக்கிற இடம். அங்கே மட்டும் உளியால் ஒரு சீவல். மறுபடி கரி, மறுபடி சீவல். மூக்கு நுனியில் எப்போதும் கரி இருக்கும்; யாராவது சொன்னால் துடைத்துக் கன்னத்துக்கு மாற்றிக்கொள்வார். இத்தனைக்கும் மனிதர் ஒருமுறைகூடச் சுட்டதில்லை. "சட்ட தைக்கிறவன் எல்லாச் சட்டையவும் போட்டா பாக்குறான்?" என்பார்.

2006 ஆகஸ்டில் அபூ ராஷிதின் துப்பாக்கி தயாராகிவிட்டது. அபூ ராஷித் ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர். கஜகஸ்தான் பனியில் ஒரு வேட்டை அவருடைய நெடுநாள் ஆசை. நவம்பரில் போய்வர மகன்கள் டிக்கெட் எடுத்துக் கொடுத்திருந்தார்கள். மறுநாள் காலை வந்து வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு.

அன்று மாலை கார்மேகம் அறைக்குத் திரும்பும்போது, அறைத்தோழர் ஜெயமணி, தான் வேலை பார்க்கும் மீன் குளிர்கிடங்கின் வாசலில் நின்றிருந்தார். ஊரே வெந்துகொண்டிருக்க, உடம்பில் மெத்தை போன்ற கோட்டு. கார்மேகம் நடுத்தெருவில் அப்படியே நின்றுவிட்டார். அபூ ராஷிதுக்கு அளவெடுத்தது மெல்லிய வெள்ளை அங்கியின் மேல். பனியில் அவரும் இப்படித்தானே கோட்டோடு நிற்பார்? கோட்டின் தடிமனில் கட்டை நீளமாகிவிடும், அக்குளில் சிக்கும், அதற்குள் மான் போய்விடும். கிழவரின் ஒரே வேட்டை பாழாகும்.

"அவரே கேக்கல. நீ ஏன்ப்பா இழுத்து விடுறே?" என்றார், விஷயத்தைக் கேட்ட பட்டறை மேனேஜர், கீழக்கரைக்காரரான மீராசா.

"பாய், தப்பு எம்மேல. குளிருன்னா என்னன்னு நமக்கென்ன தெரியும்? ஏசியத்தான் தெரியும்."

மறுநாள் கார்மேகம் ஜெயமணியின் கோட்டோடு காத்திருந்தார். மீன்வாடை பட்டறையை நிறைத்தது. தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னதும் அபூ ராஷித் தாடி குலுங்கச் சிரித்தார்.

"முப்பது வருஷம் நெருப்புக்குள்ளே கோட்டு போட்டவன் நான். மாஃபி முஷ்கில், ஒரு கஷ்டமும் இல்லே, கொண்டா" என்றார், தன் கலப்பட இந்தியில்.

கோட்டைப் போட்டுக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் ஏற்றினார். கார்மேகம் பயந்தபடியே கட்டை அக்குளில் போய்ச் சிக்கியது. கார்மேகம் கோடு போட்டார். ஒரு நூல் கூடுதலாக அறுத்தாலும் மூன்று வார வேலையும் அந்த மரமும் விறகுதான். மூச்சைப் பிடித்துக்கொண்டு அரை விரற்கடை அறுத்தார். இழைத்தார். மறுபடி கொடுத்தார். கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்த கிழவர் எழுந்து, கண்ணை மூடி, வெற்றுச் சுவர்ப் பக்கமாக ஏற்றினார். தடங்கலே இல்லை. கண்ணைத் திறந்தார். குழல் நுனியின் குறிமுள் கண்ணுக்கு நேரே நின்றது.

"தமாம், கச்சிதம்" என்றார்.

கிழவரின் தாடியிலிருந்து ஒரு பொட்டு வியர்வை கட்டையில் விழுந்தது. கார்மேகம் பாய்ந்து, தோளில் கிடந்த துண்டால் மரத்தை ஈரம் போகத் துடைத்தார். அதற்குப் பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டு, துண்டின் மறுமுனையால் கிழவரின் நெற்றியை ஒற்றினார்.