கூடலூரும் ஒடிசாவும் ஒரே பெஞ்சில்

ஓசூர் பேருந்து நிலையத்தில், நான் உட்கார்ந்திருக்கும் பெஞ்சில், கம்பெனிச் சீருடையில் ஓர் ஒடிசாப் பெண் முழங்காலைப் பிடித்தபடி அழுகிறாள். அவள் நீட்டும் மருத்துவ அட்டையில் சிக்கிள் செல் என்று இருக்கிறது; மூட்டுகளில் கடும் வலி தரும் பரம்பரை ரத்த நோய். தண்ணீர் கொடுத்து, என் சால்வையால் அவள் காலைச் சுற்றுகிறேன்.

“நீலகிரி கூடலூர்ல என் பொண்ணுக்கும் இதே நோய்தான்” என்கிறேன், பக்கத்து டீக்கடை அம்மாவிடம்.

“கூடலூரு எங்க, ஒடிசா எங்க? ரெண்டு பேருக்கும் எப்படிங்க ஒரே நோவு?”

“தலைமுறை தலைமுறையா மலேரியா அதிகமா இருந்த பக்கத்துல இது பரம்பரையா ரத்தத்துல வருதுங்க. அம்மா அப்பால ஒருத்தர்கிட்டேர்ந்து மட்டும் வந்தா மலேரியாவத் தாங்குற சக்தி குடுக்குமாம், அதனால தங்கிடுச்சு. ஆப்பிரிக்காவுலயும் நெறைய.”

அவர் வெந்நீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவைக் கூப்பிடுகிறார்.

ஏறும்போது அந்தப் பெண் தனக்குத் தெரிந்த தமிழில் கேட்கிறாள்: “அம்மா, உங்க பொண்ணு வயசு எத்தனை?”

“முப்பத்தஞ்சு. ரெண்டு பிள்ளைங்க இருக்காங்க.”

“எனக்கு இருபது. அப்போ நானும் அவ்வளவு நாள் இருப்பேன்” என்கிறாள். கண்ணீரோடு சிரிக்கிறாள்.